இருப்புப்பாதைப் பதிவேடும் செயற்கைக்கோள் படிமமும்: நீலகிரி நிலச்சரிவு வரைபடங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மலைப்பகுதிகளின் நிலச்சரிவு வாய்ப்பைத் தொலையுணர்வுத் தரவுகள், புவியியல் தகவல் முறைமை ஆகியவற்றின் துணையுடன் வரைபடமாக்குவது இன்று வழக்கமான ஆய்வுப் பணியாகிவிட்டது. அவ்வரைபடங்கள் எத்தகைய பழம்பதிவுகளின் மேல் எழுப்பப்படுகின்றன என்பது குறைவாகவே பேசப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை நீலகிரி மலையின் நிலச்சரிவுகள் பதிவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இருப்புப்பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றின் பராமரிப்புத் தேவையால் உருவான பதிவுகளே புள்ளியியல் சார்ந்த வரைபடங்களுக்கு அடிப்படையாயின என்பதையும், பதிவு இல்லாத இடம் சரிவு இல்லாத இடமாகக் கொள்ளப்படும் சிக்கல் அதனால் எழுகிறது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, நிலச்சரிவு, இடர் வரைபடம், தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை, இருப்புப்பாதைப் பதிவேடு, தேயிலைத் தோட்டம்.

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் அவலாஞ்சி என்றோர் இடம் உள்ளது. பனிப்பாறைகள் சரிந்து விழுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமே இப்பெயர். பனிப்பாறையே இல்லாத மலையில் இப்பெயர் வழங்கியதற்குக் காரணம், 19-ஆம் நூற்றாண்டில் அங்கு நிகழ்ந்த ஒரு பெரும் மண்சரிவு. அச்சரிவு நிகழ்ந்ததை ஊர்ப்பெயர் காத்து வைத்திருக்கிறது. எந்த நாளில், எத்தனை மழைக்குப் பின், எவ்வளவு பரப்பில், யாருடைய நிலத்தில் என்ற வினாக்களுக்கு அதில் விடை இல்லை. 2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மி.மீ. மழை பதிவாயிற்று. ஒரே இடத்தைப் பற்றிய இவ்விரு செய்திகளுக்கும் இடையே பதிவு செய்யும் முறை எவ்வளவோ மாறிவிட்டது. மழை மில்லிமீட்டர்க் கணக்கில் கிடைக்கிறது. சரிவுகளைப் பற்றிய பதிவு அத்துணைத் துல்லியத்தை இன்னும் எட்டவில்லை.

நிலச்சரிவு வரைபடம் பற்றிய ஆய்வுகளில் மூன்று கருத்துகள் வேறுபடுத்தப்படுகின்றன. ஒரு சரிவு எளிதில் பெயர்ந்து விழக்கூடிய இயல்பைப் பெற்றிருப்பது ஏதுநிலை. குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட பரப்பில் அது பெயரும் நிகழ்தகவு இடர். அதனால் உயிருக்கும் உடைமைக்கும் நேரக்கூடிய இழப்பின் அளவு ஆபத்து. யுனெஸ்கோ 1984-இல் வெளியிட்ட நூலில் டேவிட் வார்ன்ஸ் இவ்வரையறைகளை ஒழுங்குபடுத்தினார். கடந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் சரிவுகள் எந்தச் சூழலில் நேர்ந்தனவோ அதே சூழலில் வருங்காலத்திலும் நேரும் என்பது அவர் முன்வைத்த அடிப்படைக் கொள்கை. கணினி கொண்டு செய்யப்படும் இன்றைய வரைபடங்களும் இக்கொள்கையையே பின்பற்றுகின்றன. எனவே, புவியியலாளர் வரையும் இடர் வரைபடம் தன் உள்ளீட்டளவில் வரலாற்றுச் சான்றுகளைச் சார்ந்தது. சான்றுகளை மதிப்பிடும் வரலாற்றாய்வு முறைக்கு இங்கு இடமுண்டு.

நிகழ்ந்தபின் எழுதப்பட்டவை

வார்டு 1821-இல் நீலகிரியை நில அளவை செய்தார். மலைமுகடுகள், ஆறுகள், ஊர்கள், வழித்தடங்கள் ஆகியன தாளில் இடம்பெறத் தொடங்கிய காலம் அது. சரிவுகளைத் தனியே குறிக்கும் நோக்கம் அக்கால வரைபடங்களுக்கு இல்லை. இந்திய மண்ணில் நிலச்சரிவு ஆய்வுப் பொருளாயிற்று என்றால், அதற்கு இமயமலை நகரங்களில் நேர்ந்த பேரிழப்புகளே காரணம். 1880 செப்டம்பர் 18 அன்று நைனிதாலில் நேர்ந்த சரிவில் 151 பேர் இறந்தனர். 1893 செப்டம்பரில் கார்வாலின் கோனா என்னுமிடத்தில் மலை இடிந்து விழுந்து பிரகி கங்கையை அடைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஹாலந்து அங்குச் சென்று ஆராய்ந்தார். தேங்கிய நீர் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அணையைக் கடக்கும் என்று கணிக்கப்பட்டது. பள்ளத்தாக்கு நெடுகத் தந்தி வழியே எச்சரிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. 1894 ஆகஸ்டு 25-26இல் அணை உடைந்தபோது கீழேயிருந்த சீனகர் நகரம் அழிந்தது. உயிரிழப்போ ஐந்து பேரோடு நின்றது.

இதே ஹாலந்துதான் தென்னிந்தியாவின் சார்னோகைட் பாறைக்குப் பெயரிட்டவர். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் அப்பாறையே நீலகிரியின் உடலாகவும் அமைந்துள்ளது. வலிய பாறைதான் எனினும், நீலகிரியில் அது நெடுங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் பல மீட்டர் தடிப்புள்ள செம்மண் போர்வையாக மாறியிருக்கிறது. பெருமழையில் இப்போர்வை நீரை உறிஞ்சிக் கனத்து, உறுதியான அடிப்பாறையின் மேல் வழுக்கி இறங்குகிறது. சரிவின் இயக்கத்தை இவ்வாறு விளக்க முடிந்தபோதும், எந்தச் சரிவு எப்போது இறங்கியது என்ற தொடர்ச்சியான குறிப்பு நீலகிரிக்கு இருந்திருக்கவில்லை.

அந்நிலையை மாற்றியது இருப்புப்பாதை. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இலும், உதகமண்டலம் வரையிலான நீட்சி 1908-இலும் திறக்கப்பட்டன. 46 கி.மீ. நீளமுள்ள இப்பாதை கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. மலைப்பக்கத்தை வெட்டி அமைக்கப்பட்ட பாதையில் சிறு மண்சரிவும் வண்டியை நிறுத்திவிடும். எனவே எந்தக் கிலோமீட்டரில் மண் விழுந்தது, எவ்வளவு விழுந்தது, எப்போது அகற்றப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் பராமரிப்புப் பிரிவுக்கு ஏற்பட்டது. அறிவியல் நோக்கமின்றி, கூலிக் கணக்குக்காகவும் பாதையின் பாதுகாப்புக்காகவும் எழுதப்பட்ட இத்தகைய பதிவேடுகள் பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பதை எழுதியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

1978

1978 நவம்பரின் வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் நிலச்சரிவு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஏறத்தாழ 250 சதுர கி.மீ. பரப்புக்குள் நூறளவில் சரிவுகள், 90 அளவில் உயிரிழப்பு என்பன பிற்கால ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படும் எண்கள். அடுத்த ஆண்டும் சரிவுகள் தொடர்ந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் தமிழ்நாடு அரசின் புவியியல் பிரிவும் இணைந்து கள ஆய்வு மேற்கொண்டன. அவ்வறிக்கை 1982-இல் வெளிவந்தது.

தனித்தனிச் சரிவுகளின் விவரிப்பிலிருந்து மலை முழுவதையும் ஒரு தொகுதியாகக் காணும் பார்வைக்கு நகர்ந்தது இக்காலத்தில்தான். உலக அளவிலும் இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் சான் மட்டேயோ மாவட்டத்துக்கு 1972-இலேயே ஏதுநிலை வரைபடம் வெளியாகியிருந்தது. நீலகிரியில் அதன் பயன் ஆட்சித்துறையிலும் எதிரொலித்தது. 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993-இல் மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் வந்தன. அதே 1993 நவம்பரில் குன்னூரை அடுத்த மரப்பாலத்தில் பெருஞ்சரிவு ஏற்பட்டுச் சாலையில் சென்றோரும் குடிசைகளில் இருந்தோரும் உயிரிழந்தனர்.

மதிப்பெண் முறை

நிலச்சரிவு இடரை இந்தியா முழுமைக்கும் பொதுவான முறையில் வரைபடமாக்கும் வழியை வகுத்தவர் ரூர்க்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரா. அன்பழகன். மலைப்பகுதிகளின் நிலச்சரிவு இடர் மதிப்பீடு குறித்து 1992-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் மேற்கோளாகும் ஒன்று. மலையைச் சதுரங்களாகப் பிரிக்காமல், ஒரே திசையும் ஏறத்தாழ ஒரே சாய்வும் கொண்ட சரிவு முகப்புகளாக அவர் பிரித்தார். ஒவ்வொரு முகப்புக்கும் பாறையியல், பாறைக் கட்டமைப்பு, சாய்வின் அமைப்பு, நிலப்பயன்பாடு ஆகிய நான்கிற்கும் தலா 2 மதிப்பெண் வரையும், உயர வேறுபாடு, நிலத்தடி நீர்நிலை ஆகிய இரண்டிற்கும் தலா 1 மதிப்பெண் வரையும் இடப்படும். மொத்தம் 10. கூட்டுத்தொகை 3.5-க்குக் குறைந்தால் மிகக் குறைந்த இடர்; 7.5-ஐக் கடந்தால் மிக உயர்ந்த இடர். இடையில் மூன்று படிகள் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1998-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி இம்முறையைத் தழுவியது.

இம்முறையின் வலிமை அதன் எளிமை. நிலவரைபடம், வான்வழிப் படம், கள ஆய்வு ஆகியன இருந்தால் போதும். பழஞ்சரிவுகளின் பட்டியல் தேவையில்லை. பதிவுகள் அருகிய நாட்டில் இது நடைமுறைக்கு உகந்த தீர்வாக இருந்தது. அதே காரணத்தால் இதன் எல்லையும் தெளிவாகிறது. மதிப்பெண்கள் வல்லுநரின் அனுபவத்திலிருந்து வந்தவை, அவ்வனுபவத்தின் பெரும்பகுதி இமயமலையில் பெறப்பட்டது. அங்குப் பாறையின் பிளவுகளும் சாய்வுத் தளங்களும் முதன்மை பெறுகின்றன. நீலகிரியில் சரிவை முடிவு செய்வது பெரும்பாலும் பாறைக்கு மேலுள்ள சிதைமண்ணின் தடிப்பும் அதில் நீர் புகும் வழியும். மழையும் நிலநடுக்கமும் புறக் காரணிகள் என்பதால் மதிப்பெண்ணில் சேரவில்லை. ஆகவே காலம் பற்றிய வினாவுக்கு இவ்வரைபடம் விடை கூறாது. வார்ன்சின் வரையறைப்படி நோக்கினால் இது ஏதுநிலை வரைபடமே. இடர் வரைபடம் என்று வழங்குவது சொல்வழக்கு.

படிமமும் பதிவேடும்

1988-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டபின் இந்திய ஆய்வாளர்களுக்குத் தொடர்ச்சியான படிமங்கள் கிடைக்கலாயின. அதன் இரு வகை உணரிகளுள் நுண்ணியதன் பிரிதிறன் 36 மீட்டர் அளவினது. 1995-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி அதனை 5.8 மீட்டருக்கும், 2005-இன் கார்ட்டோசாட்-1 2.5 மீட்டருக்கும் கொண்டுவந்தன. கார்ட்டோசாட்-1 ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுப்பதால் உயர மாதிரியும் அதிலிருந்து சாய்வு, சாய்வுத் திசை, நீர்வழி ஆகியனவும் கணிக்கப்படலாயின. அளவைத் துறையின் 58ஏ/11, 58ஏ/15 ஆகிய நிலவரைபடத் தாள்களிலிருந்து சமவுயரக் கோடுகளைக் கையால் படியெடுத்த உழைப்பு இதனால் குறைந்தது.

இவ்வாறு பெற்ற அடுக்குகளைப் புவியியல் தகவல் முறைமையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பழஞ்சரிவுகளோடு ஒப்பிட்டு எடைகளைக் கணிப்பது புள்ளியியல் முறை. தகவல் மதிப்பு முறை எனப்படும் எளிய வடிவத்தைக் காணலாம். 30 முதல் 40 பாகை வரை சாய்ந்த நிலம் ஆய்வுப் பரப்பில் 10 விழுக்காடு என்றும், பதிவான சரிவுகளில் 30 விழுக்காடு அந்நிலத்தில் நேர்ந்தன என்றும் கொள்வோம். விகிதம் 3, அதன் இயல் மடக்கை 1.10. அதுவே அவ்வகுப்பின் எடை. விகிதம் 1-க்குக் கீழ் இருப்பின் எடை எதிர்மறையாகும். வல்லுநரின் மதிப்பெண்ணுக்கு மாற்றாக இங்குக் கடந்த காலமே எடையிடுகிறது. கடந்த காலத்தின் பட்டியல் குறையுடையதாயின் எடையும் குறையுடையதாகும்.

நீலகிரியில் இப்பட்டியலைப் படிமங்களிலிருந்து மட்டும் திரட்டுவது கடினம். சரிவுகள் மிகுதியாக நிகழும் அக்டோபர்–டிசம்பர் மாதங்களில் மலை மேகத்தால் மூடப்பட்டிருக்கும். வானம் தெளிவதற்குள் தோட்டங்களில் சரிவின் வடு சீர்செய்யப்பட்டு மீண்டும் பயிர் ஏறிவிடுகிறது. வெட்டுச்சரிவுகளில் நிகழ்பவை பெரும்பாலும் சில பத்துக் கனமீட்டர் மண்ணை மட்டுமே பெயர்ப்பவை. அவை 36 மீட்டர்ப் படிமத்தில் ஒரு புள்ளியின் ஒரு மூலையையும் நிரப்பா.

இச்சூழலில்தான் இருப்புப்பாதையின் பதிவேடு அறிவியல் சான்றாக மாறியது. புவியியல் ஆய்வுத் துறையின் பங்கஜ் ஜெய்ஸ்வால், நெதர்லாந்தின் ஐ.டி.சி. நிறுவனத்தைச் சேர்ந்த சீஸ் வான் வெஸ்டன் முதலியோர் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைத்தடத்தில் மேற்கொண்ட ஆய்வுகள் 2009 முதல் 2011 வரை வெளிவந்தன. 1987 முதல் 2007 வரையிலான 21 ஆண்டுகளுக்கு, பராமரிப்புப் பதிவுகளைக் கொண்டு ஏறத்தாழ 900 சரிவுகளின் பட்டியலை அவர்கள் உருவாக்கினர். சரிவு நிகழ்ந்த நாள் தெரிந்ததால் அன்றைய மழையையும் அதற்கு முந்திய ஐந்து நாள் மழையையும் ஒப்பிட்டுச் சரிவைத் தூண்டும் மழை வரம்பைக் கணிக்க முடிந்தது. இடம், அளவு, காலம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்ததால் ஏதுநிலையிலிருந்து இடருக்கும், அதிலிருந்து ஆபத்துக்கும் செல்லும் வழி திறந்தது. இந்தியாவில் இவ்வளவு நிறைவான காலப்பதிவு கிடைத்த மலைத்தடங்கள் அரியவை. மென்பொருளின் திறத்தைக் காட்டிலும், பாதையில் விழுந்த மண்ணை அளந்து எழுதிய பணியாளர்களின் ஒழுங்கே இவ்வாய்வுகளைச் சாத்தியமாக்கியது எனலாம்.

பதிவின் மௌனம்

கல்வெட்டுகள் மிகுதியாகக் கிடைக்கும் ஊரே அரசியல் முதன்மை பெற்ற ஊர் என்று எந்த வரலாற்றாய்வாளரும் உடனே முடிவு செய்வதில்லை. கற்றளி எழுந்த இடத்தில் கல்வெட்டு எஞ்சுகிறது. செங்கல் தளி இருந்த இடத்தில் மறைகிறது. நிலச்சரிவுப் பட்டியலுக்கும் இது பொருந்தும். பாதையோரச் சரிவு பதிவாகிறது. தேயிலைத் தோட்டத்தின் உட்பகுதியில், ஓடையோரத்தில், லயன் வீடுகளின் பின்புறத்தில் நேர்ந்த சரிவு, உயிரிழப்போ வீடு இடிந்து இழப்பீடு கோரும் நிலையோ ஏற்பட்டால் மட்டுமே வருவாய்த் துறையின் ஏட்டில் ஏறுகிறது. அங்கும் எழுதப்படுவது பயனாளியின் பெயர், ஊர், தொகை. சரிவு தொடங்கிய புள்ளி எழுதப்படுவதில்லை. இப்பட்டியலைக் கொண்டு எடை கணித்தால் பாதைக்கு அருகிலுள்ள நிலம் இடர் மிக்கதாகவும், தொலைவிலுள்ளது இடர் குறைந்ததாகவும் தோன்றும். வெட்டுச்சரிவு உண்மையிலேயே நிலத்தைத் தளர்த்துகிறது. அதன் பங்கு எவ்வளவு, பதிவின் சாய்வு எவ்வளவு என்று பட்டியலை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது.

இது வெறும் கணக்கியல் நுணுக்கம் அன்று. 1964-இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. காடு திருத்தி உருவான தோட்டங்களும், அவற்றை அடுத்துச் செங்குத்தான புறம்போக்குகளில் எழுந்த குடியிருப்புகளும் 1978-க்கு முந்திய பதிவுகளில் இடம்பெற்றிருக்க இயலாது. நிலப்பயன்பாட்டு அடுக்கில் அவையனைத்தும் 'தேயிலை' என்ற ஒரே வண்ணத்தில் அடங்கிவிடுகின்றன. வடிகால் பேணப்பட்ட பழைய தோட்டமும், வீட்டுக்காகச் சரிவைக் குடைந்த இடமும் அவ்வண்ணத்தில் வேறுபடுவதில்லை.

2009 நவம்பர் மழை இதனை வெளிப்படையாக்கியது. நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான சரிவுகள் நேர்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையின் மையம் இருப்புப்பாதையின் கீழ்ப்பகுதியை விட்டு, உதகை–குன்னூர் இடையிலான மேட்டுநிலப் பள்ளத்தாக்குகளில் அமைந்திருந்தது. காய்கறித் தோட்டங்களும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ள பகுதி அது. மலைத்தடத்தின் வெட்டுச்சரிவுகளிலிருந்து கணித்த மழை வரம்பை அப்பகுதிக்கு அப்படியே எடுத்துச் செல்வது பொருந்தாது.

தேசிய வரைபடமும் மழைக்கால முன்னறிவிப்பும்

புவியியல் ஆய்வுத் துறை 2014-இல் தேசிய நிலச்சரிவு ஏதுநிலை வரைபடத் திட்டத்தைத் தொடங்கியது. 1:50,000 அளவில் ஏறத்தாழ 4.3 இலட்சம் சதுர கி.மீ. மலைநிலம் அதில் அடங்கும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு நிலப்படத் தொகுப்பில் 1998 முதல் 2022 வரை நேர்ந்த 80,000 அளவிலான சரிவுகள் இடம்பெற்றன. 17 மாநிலங்களிலும் இரு ஒன்றியப் பகுதிகளிலுமுள்ள 147 மாவட்டங்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. பதிவின் தொடர்ச்சி என்ற வகையில் இது பெரும் முன்னேற்றமே. மேகமும் பிரிதிறனும் விதிக்கும் எல்லை இதற்கும் உண்டு.

பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து டார்ஜிலிங்கிலும் நீலகிரியிலும் சோதிக்கப்பட்ட முன்னறிவிப்பு முறை, 2024 சூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டபோது நடைமுறைக்கு வந்தது. முதற்கட்டத்தில் டார்ஜிலிங், கலிம்பொங், நீலகிரி ஆகிய மாவட்டங்கள் இடம்பெற்றன. பதினொரு நாள்களுக்குப்பின், நீலகிரியின் கூடலூரை அடுத்துள்ள வயநாட்டின் முண்டக்கை–சூரல்மலைப் பகுதியில் நேர்ந்த பெருஞ்சரிவு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட படிமங்களின்படி சரிவு 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கியது. பெயர்ந்த பரப்பு 86,000 சதுர மீட்டர். சேறும் பாறையும் ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கி.மீ. ஓடின. 2023 மே மாதப் படிமத்தில் அதே இடத்தில் ஒரு பழைய சரிவின் வடு காணப்பட்டது. முண்டக்கையில் 1984-இலும் சரிவு நேர்ந்திருந்தது.

இறந்தோரில் பெரும்பாலோர் சரிவு தொடங்கிய இடத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். ஏதுநிலை வரைபடம் மண் பெயரும் இடத்தைக் காட்டும். பெயர்ந்த மண் சென்றடையும் இடத்தைக் காட்டுவது அதன் பணியன்று. கீழே மென்சாய்வுள்ள ஆற்றங்கரை, சாய்வுக்கு உரிய எடை குறைவு என்பதாலேயே, குறைந்த இடர் வகுப்பில் அமர்ந்துவிடக்கூடும். ஓட்டத்தின் தொலைவையும் அதன் வழியிலுள்ள வீடு, தோட்டம், மனிதர் ஆகியவற்றையும் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் முறை நீலகிரியிலேயே செய்து காட்டப்பட்டுள்ளது. முன்னர்ச் சுட்டிய 2011-ஆம் ஆண்டின் ஆய்வு இயற்கைச் சரிவுகளில் விரைந்திறங்கும் சேற்றோட்டங்களுக்கு அதனைச் செய்தது. இருப்புப்பாதைப் பதிவேடு துணைநின்ற அவ்வாய்வின் பரப்பு இருபது சதுர கிலோமீட்டரைச் சற்றே கடந்தது. மாவட்டத்தின் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.